ஆறு ஞாயிறும் விரதம்

தம்பி,

போன செவ்வாய்க்கிழமை காலையில் நீ கண்டக்டர் லைசென்ஸுக்கான விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தாய். நான் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், டாக்டர் சான்றிதழ், ரேஷன் கார்டு நகல் என்று வாய்விட்டுச் சொல்லி டிக் அடித்துக்கொண்டே வந்தவன், முதலுதவிச் சான்றிதழ் என்ற இடத்தில் நின்றாய். பிறகு சிரித்தாய். "இது ஈஸிம்மா. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துல டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்காருல்ல, அவரே வாங்கிக் குடுத்துருவாராம். ரெண்டு போட்டோ குடுத்தாப் போதும், கிளாசுக்கே போக வேண்டாம்" என்றாய். நான் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "போகாம எப்படிடா?" என்று கேட்டேன். "எனக்கெதுக்கும்மா கிளாசு? நீ ஊதித்தான நானே இங்க உக்காந்திருக்கேன். ஒன் ரத்தத்துலயே அது எனக்கு வந்திருக்கும்" என்று சொல்லி, மூலையில் இருந்த எவர்சில்வர் குடத்தைப் பேனாவால் எட்டித் தட்டினாய். அது ணங்கென்றது. அன்றைக்கு நான் கீரையோடு சேர்த்துப் புல்லையும் கடைந்து வைத்தேன். நீயும் உன் அப்பாவும் அதையும் சாப்பிட்டீர்கள்.

அந்தக் குடத்தில்தான் நீ எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினாய். 'உயிர் காத்த சேவைக்காக' என்று அதன் கழுத்தைச் சுற்றி வெட்டியிருக்கும். அதற்குக் கீழே என் பெயர். ஒவ்வோர் எழுத்திலும் விரலை வைத்து நகர்த்தி, கடைசியில் என் பெயர் வரும்போது என்னை நிமிர்ந்து பார்ப்பாய். அந்தப் பார்வைக்காகவே நான் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். அந்தக் குடம் எனக்கு உரியது இல்லை, தம்பி. உன் வாயில் ஊதி உன்னை எழுப்பியது நான் இல்லை. இதை உன் கையில் மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் குடத்தை நான் வாங்கியது மேடையில் ஏறி, கழுத்தில் மாலையோடு, ஒரு மில் முழுக்கக் கைதட்ட. அத்தனை பேர் அறியச் சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் திருத்திச் சொல்வது சரியாகப் படவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன் அப்பாவும் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

உனக்கு மூன்று வயதானபோது திருச்சுழி ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லில் எனக்கு டைம் ஆபீஸ் வேலை கிடைத்தது. பி.எஸ்சி. படித்தவள் கடையில் உட்கார்ந்து மல்லியும் மிளகாயும் நிறுக்க வேண்டாம், போய் வா என்று உன் அப்பாதான் சொன்னார். ஆட்கள் வரும் நேரம், போகும் நேரம், லீவு, மிகைநேரம் எல்லாம் நான் எழுத வேண்டும். மில்லில் பெண்கள் நிறையப் பேர் வேலை பார்த்ததால், சட்டப்படி பிள்ளைகளுக்கென்று ஓர் அறை உண்டு. அந்த அறைக்கு ஆயா முத்துப்பேச்சி. எம்.ரெட்டியபட்டிக்காரி. காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்து, மில் வந்ததும் உள்ளே வந்தவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் நான் நாற்காலியில் உட்காருகிறவள் என்பதால் என்னை அக்கா என்பாள், நான் அவளைப் பேச்சி என்பேன். வாயில் எந்நேரமும் வெற்றிலை. பிள்ளைகள் அழுதால் பாட்டுப் பாட மாட்டாள். அவளும் கூடச் சேர்ந்து அதே குரலில் அழுது காட்டுவாள். பிள்ளைகள் திகைத்து நிறுத்திவிடும்.

நீ முதல் வாரம் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். இரண்டாவது வாரம் கையை ஆட்டினாய். மூன்றாவது வாரம் சாயங்காலம் நான் கூப்பிட வந்தபோது அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாய். இதெல்லாம் எல்லாத் தாய்க்கும் நடப்பதுதான் என்று அப்போது ஒருத்தி சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ. நான் ஊட்டினால் துப்புகிற தயிர்ச்சோற்றை அவள் கையால் உருட்டிக் கொடுத்தால் விழுங்கினாய். காய்ச்சலில் பிதற்றும்போது "பேச்சித்தை, பேச்சித்தை" என்றாய். "அவ என்ன ஒனக்கு அத்தை? ஆயான்னு கூப்பிடு" என்று அந்தக் காய்ச்சலிலும் உன்னை அதட்டினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், லாரியில் வாங்கிய தண்ணீராக இருந்தாலும் பரவாயில்லை என்று, உன் தலையோடு ஊற்றித் தேய்த்துக் குளிப்பாட்டுவேன். உன் மேலிருந்த வெற்றிலை வாசனை போக வேண்டும். அவளுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள். உனக்குத்தான் மூன்று இருக்கிறதே, என்னுடைய ஒன்றை ஏன் எடுத்துக்கொள்கிறாய் என்று மனசுக்குள் அவளோடு தினமும் சண்டை போட்டேன். வெளியே அவளுக்குத் தீபாவளிக்குச் சேலை கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில் ஆய்வுக்கு வந்த இன்ஸ்பெக்டர், முதலுதவிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. வாட்ச்மேன் டீக்கடையில் இருந்தார். இன்ஸ்பெக்டர் விதியைப் படித்துக் காட்டினார். நூற்றைம்பது பேருக்கு ஒரு பெட்டி இருக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் பொறுப்பாக ஒருவர். அவர் மாநில அரசு ஏற்றுக்கொண்ட முதலுதவிச் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும். வேலை நேரம் முழுக்கக் கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டும். மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். படித்தவர்கள் என்று இருந்ததே நாலு பேர். "டைம் ஆபீஸ் அம்மா போகட்டும்" என்றார். விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. வீட்டுப் பெண் தனியாகப் போக வேண்டாம் என்று துணைக்குப் பேச்சியை அனுப்பினார்கள். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை அவள் எனக்கு விட்டுக் கொடுத்தாள். குமாரலிங்கபுரம் தாண்டும்வரை உன்னைப் பற்றியே பேசினாள். நீ எந்தக் காலில் முதலில் செருப்பு மாட்டுவாய் என்பது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது.

பாடம் எடுத்தவர் பட்டாளத்தில் மருத்துவப் பிரிவில் இருந்து வந்தவர். கட்டுப் போடுவது, பாம்புக்கடி, தீக்காயம் எல்லாம் நான் நோட்டில் சிவப்பு மையில் கோடிட்டு எழுதினேன். இரண்டாவது ஞாயிறு அவர் ஒரு ரப்பர் பொம்மையை மேசையில் கிடத்தினார். இடுப்புவரை மனித உருவம், வாய் திறந்திருந்தது. மூச்சு நின்றவருக்குத் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். நெஞ்சை அமுக்க வேண்டும். ஒவ்வொருவராக வந்து செய்யச் சொன்னார். எனக்கு முன்னால் பதினோரு பேர். பஸ் கண்டக்டர் வேலைக்கு எழுதிப் போட்டவர்கள், பட்டாசு ஆலைக்காரர்கள், யார் யாரோ. ஒவ்வொருவரும் ஊதிய பிறகு அவர் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு துடைப்புத் துடைத்தார். நான் டம்ளரைக்கூட உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்து வளர்ந்தவள். என் வீட்டில் என் அம்மா கடித்த கொய்யாவை நான் வாங்க மாட்டேன். என் முறை வந்தபோது வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சார், எனக்கு இன்னைக்கு விரதம். வாயில எதுவும் படக் கூடாது."

அவர் தலையாட்டி விட்டுவிட்டார். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறு அவர் பொம்மையைத் தட்டிக்கொண்டே கேட்டார். "என்னம்மா, ஆறு ஞாயிறும் விரதமா? எந்தச் சாமிக்கு?" வகுப்பே சிரித்தது. பின் பெஞ்சில் என் பையைக் காவல் காத்துக்கொண்டிருந்த பேச்சி எழுந்து, ஜன்னல் வழியாக வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "அவுகளுக்குப் பதிலா நான் ஊதுறேன் சார்" என்றாள். "ஒம் பேரு லிஸ்ட்டுல இல்லையே. எத்தனாப்பு படிச்சிருக்க?" "மூணாப்பு சார். பொம்மைக்கு அது போதாதா?" அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து என் முறை வரும்போதெல்லாம் அவள் ஊதினாள். பெரியவர்களுக்கு எப்படி, சின்னப் பிள்ளைக்கு எப்படி என்று கேட்டுக் கேட்டுச் செய்தாள். சின்னப் பிள்ளைக்கு ஒரு கை போதும், ஐந்து அமுக்கு, ஒரு ஊது, அதுவும் கன்னம் உப்பும் அளவுக்குத்தான் ஊத வேண்டும் என்று அவர் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் தன் மடியில் பையை வைத்து அஞ்சுக்கு ஒண்ணு, அஞ்சுக்கு ஒண்ணு என்று அமுக்கிக்கொண்டே வந்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. இதையும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்கிறாள் என்று தோன்றியது. நான்தான் வேண்டாம் என்று தள்ளியிருந்தேன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பரீட்சையில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். பொம்மையின் முகத்துக்கு நேராக ஒரு சாண் உயரத்தில் முகத்தை வைத்துக் காற்றில் ஊதினேன். பரீட்சை எடுக்க வந்தவர் டிக் அடித்தார். சான்றிதழ் வந்ததும் மேனேஜர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, முதலுதவிப் பெட்டிக்கு மேலே மாட்டினார். எட்டாவது படிக்காததால் பேச்சிக்கு ஒன்றும் இல்லை. அவள் அந்தச் சட்டத்தைத் தினமும் சேலைத் தலைப்பால் துடைப்பாள்.

இனிமேல் எழுதப்போவதை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். உனக்கு ஐந்து வயது முடிந்து, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முந்திய கோடை. ஒரு நாள் சாயங்காலம் உன்னைக் கூப்பிட வந்தபோது, "நான் பேச்சித்தை வீட்டுக்குப் போறேன், நீ போயிட்டு வா" என்றாய். ஊருக்குப் போகிறவளைக் கை காட்டி அனுப்புவது போல என்னை அனுப்பினாய். மறுநாள் காலையில் உன்னைப் பிள்ளைகள் அறையில் விடவில்லை. டைம் ஆபீசில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்தேன். "இனிமே இங்கதான் இருப்பான்" என்று பேச்சியிடம் சொன்னேன். "ஏன்க்கா, அவன் என்ன செஞ்சான்?" என்றாள். "ஒண்ணும் செய்யல. நான் பெத்த புள்ள, எங்கூட இருக்கட்டும்" என்றேன். அவள் பிள்ளைகள் அறைக்குப் போய்விட்டாள். எனக்கு வெகுநாளைக்குப் பிறகு நெஞ்சு நிறைந்த மாதிரி இருந்தது. பதினோரு மணிக்கு நான் ஷிப்ட் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீ முக்காலியில் இல்லை. அவளைத் தேடித்தான் போயிருக்கிறாய். முன்வழியாகப் போனால் நான் பார்த்துவிடுவேன் என்று பின்பக்கமாகப் போயிருக்கிறாய். பின்பக்கம் லாரித் தண்ணீர் கொட்டும் தரைத்தொட்டி இருந்தது. அன்று மூடியை நகர்த்தி வைத்திருந்தார்கள்.

உன்னைத் தொட்டிக்குள் யார் பார்த்தது, யார் இறங்கி எடுத்தது என்பதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். நான் ஓடி வரும்போது இரண்டு ஃபிட்டர்கள் உன் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வெளியே வரட்டும் என்று. அப்படிச் செய்யக் கூடாது என்று என் நோட்டில் எழுதியிருக்கிறேன். எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன் என்பதுகூட அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. வாய் வரவில்லை. உன் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எறக்குங்கடா கீழ! கோழியத் தூக்குற மாதிரியா புள்ளையத் தூக்குவீக?" என்று ஒரு சத்தம். பேச்சி வந்து உன்னைப் பிடுங்கிச் சிமெண்டுத் தரையில் மல்லாத்தினாள். வாயிலிருந்த வெற்றிலையைப் பக்கத்தில் துப்பினாள். உன் தாடையைத் தூக்கி மூக்கைப் பிடித்து ஊதினாள். உன் நெஞ்சு எழும்பியது. நான் அதைப் பார்த்தேன். "யக்கா, வாங்க! நீங்க அமுக்குங்க, நான் ஊதுறேன்! யக்கா!" என்று கத்தினாள். மூன்று தரம் கூப்பிட்டாள். நான் போகவில்லை, தம்பி. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சான்றிதழ் என்னிடம்தானே இருந்தது. அவளே அமுக்கினாள், அவளே ஊதினாள். அஞ்சுக்கு ஒண்ணு, அஞ்சுக்கு ஒண்ணு. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஆட்களின் நேரத்தை நிமிஷக் கணக்கில் எழுதுகிறவளுக்கு அந்த நேரம் மட்டும் தெரியாது. நீ இருமினாய். தண்ணீரும் காலையில் சாப்பிட்ட இட்லியும் வெளியே வந்தன. பிறகு அழுதாய். உன் உதடு, மோவாய் எல்லாம் சிவப்பு. ரத்தம் என்று நினைத்து அப்போதுதான் என் கால் நகர்ந்தது. கிட்டே வந்து பார்த்தால் அது அவள் வெற்றிலைச் சாறு. உன்னை என் மடியில் வாங்கிக்கொண்டு நான் முதலில் செய்த காரியம், அந்தச் சிவப்பை என் சேலையால் அழுத்தித் துடைத்தது. பேச்சி மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்கு அனுப்பியதும் மேனேஜர் விபத்துப் பதிவேட்டை என் முன்னால் வைத்தார். 'முதலுதவி அளித்தவர் பெயர், சான்றிதழ் எண்' என்று ஒரு கட்டம். "ஆயா பேரை எழுதுனா, பெட்டிக்குப் பொறுப்பானவுக எங்க போனாகன்னு கேப்பாக. சர்டிபிகேட் இல்லாதவ எப்படிச் செஞ்சான்னும் கேப்பாக. மில்லுக்குத்தான் கெட்ட பேரு. உங்க பேரையே எழுதிருங்க" என்றார். நான் பேச்சியைப் பார்த்தேன். "எழுதிக்கங்கக்கா. புள்ள பொழச்சுக்கிட்டான்ல" என்றாள். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று உனக்குத் தெரியும். அந்தக் கட்டத்திலும் அழகாகத்தான் எழுதினேன். சாட்சி என்ற இடத்தில் அவள் தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாள். வந்த ஆயுதபூஜைக்குக் குடம் கொடுத்தார்கள். உண்மையைப் பார்த்த பத்துப் பேரும் கைதட்டினார்கள். விபத்தன்று சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்த உன் அப்பாவும், காப்பாற்றியது நான்தான் என்று அந்தக் குடத்தைப் பார்த்தே நம்பினார்.

பொய்யோடு நிறுத்தியிருந்தால்கூட இன்று உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இருந்திருக்கும். பெற்றவள் நான், பிழைக்க வைத்தவள் அவள் என்ற கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நீ அவளைப் பார்த்து ஓடும்போதெல்லாம் உன் உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறதோ என்று பயந்தேன். ஒரு நாள் மேனேஜரிடம் போய், "பிள்ளைங்க இருக்குற எடத்துல ஆயா வெத்தலை போட்டுத் துப்புறது சுத்தமா இல்ல சார்" என்றேன். படித்தவள் சொன்னால் கேட்பார்கள். அவளைக் கழிவுப் பஞ்சுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே காற்றே வெள்ளையாகத்தான் இருக்கும். இரண்டு வருஷத்தில் அவளுக்கு இளைப்பு வந்தது. வேலையை விட்டு எம்.ரெட்டியபட்டிக்கே போய்விட்டாள். நீ சில மாதம் கேட்டாய், பிறகு மறந்தாய். நான் நிம்மதியாக இருந்தேன் என்று எழுதுவது எனக்கே கூசுகிறது. ஆனால் இருந்தேன். சான்றிதழை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. மில் ஆபீசிலிருந்து ஆள் போய்ப் புதுப்பித்து வருவார். நான் மூன்று முறை, வகுப்பு வாசலை மிதிக்காமலே தேர்ச்சி பெற்றேன்.

செவ்வாய்க்கிழமை நீ குடத்தைத் தட்டியபோது இதெல்லாம்தான் அந்தச் சத்தத்தில் இருந்தது. மறுநாள் காலையில் நீ விண்ணப்பத்தோடு வைத்திருந்த இரண்டு போட்டோவையும் எடுத்துக்கொண்டு எம்.ரெட்டியபட்டி பஸ் ஏறினேன். வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினாயே, அது என் கைப்பையில்தான் இருந்தது. டிரைவிங் ஸ்கூல்காரரிடம் நீ அதைக் கொடுத்துவிடக் கூடாது என்று எடுத்தேன். அவளுக்கு ஒன்று கொடுக்கலாம் என்றும் எடுத்தேன்.

வேப்பமரத்தடியில் நைலான் கட்டிலில் உட்கார்ந்து, பருத்திக்காய் உடைத்துப் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. ஒவ்வொரு மூச்சும் விசில் அடித்துக்கொண்டு வந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "யாரு... டைம் ஆபீஸ் அக்காவா? ஒக்காருங்க. தண்ணி குடிப்பீகளா, இல்ல இன்னைக்கும் விரதமா?"

பதினாறு வருஷம் கழித்தும் அவள் அதை மறக்கவில்லை. எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன். "பேச்சி, ஒன்னக் கழிவுப் பஞ்சுக்கு மாத்தச் சொன்னது நான்தான்."

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

"மானேஜரு வெத்தலையப் பத்திக் கொறை சொன்னாருல்ல. அவரு வாயே எந்நேரமும் செவந்துதான கெடக்கும். வேற யாரோ சொல்லிக் குடுத்துருக்காகன்னு அப்பவே தெரியும்."

"ஏன் எங்கிட்ட வந்து கேக்கல?"

"கேட்டா எறங்கி வந்திருப்பீகளா?" ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "கோவம் வராமயா இருக்கும்? ஒங்க தெருப்பக்கமே வர மாட்டேன்னு இருந்தேன். வையவும் செஞ்சேன். ஒங்களத்தான் வஞ்சேன், புள்ளைய இல்ல. அந்தக் கொடத்தையாவது குடுத்திருக்கலாம்ல நீங்க? இங்க கொழாயில மூணு நாளைக்கு ஒருக்கத்தான் தண்ணி வருது. பிளாஸ்டிக்குக் கொடம் வெயிலுக்கு வெடிச்சுப் போகுது."

"அதுல எம் பேரு வெட்டியிருக்கே" என்றேன், முட்டாள் மாதிரி.

"இருந்தா இருந்துட்டுப் போகுது. பேரையா குடிக்கப் போறேன்?"

நான் அவளிடம் உன் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னேன். நீ வகுப்புக்குப் போகாமல் சான்றிதழ் வாங்கப் போவதைச் சொன்னேன். அவளுக்கு இருமல் வந்துவிட்டது. "நரிக்குடி பஸ்ஸுல போவானே. உச்சி வெயிலுல ஒரு ஆளு சாஞ்சா, அங்க யாரு இருக்கா? ரெண்டு பக்கமும் கருவேலந்தான் நிக்கும். ஆளுக பூராம் கண்டக்டரத்தான பாக்கும்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களாச்சும் இப்பக் கத்துக்கிட்டீகளா?" இல்லை என்றேன். உள்ளே போய்த் தன் தலையணையைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டாள். எண்ணெய்ச் சிக்கு ஏறிய, கறுத்த தலையணை. நடுவில் அதைக் கிள்ளிப் பிடித்து ஒரு வாய் மாதிரி ஆக்கினாள். "எனக்கு இப்ப ஊத மூச்சு பத்தாது. நான் அமுக்குறேன், நீங்க ஊதுங்க" என்றாள்.

ஊதினேன், தம்பி. அவள் தலையணையில் வாயை வைத்து ஊதினேன். "நெஞ்சு எழும்புதான்னு ஓரக்கண்ணால பாக்கணும். இம்புட்டு வேகம் வேணாம், பச்சப் புள்ளைக்குக் கன்னத்துக் காத்து போதும்" என்று இருமலுக்கு நடுவே சொல்லிக் கொடுத்தாள். தெருவில் போன ஒருத்தி, "என்னத்தா பேச்சி, தலகாணிக்கு முத்தம் குடுக்குறாகளா அவுக?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பேச்சிக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டிவிட்டது. பிறகு அவள் கொடுத்த தண்ணீரை உதட்டில் வைத்துக் குடித்தேன். கிளம்பும்போது, "அவன் இப்ப எம்புட்டு ஒசரம்?" என்று கேட்டாள். நிலைப்படியைக் காட்டி, இவ்வளவு என்றேன். என் கை பைக்குள் போட்டோவைத் தொட்டுக்கொண்டே இருந்தது. எடுக்க முடியவில்லை. அவள் அதைச் சேலையில் துடைத்து, திரும்பத் திரும்பப் பார்ப்பாள் என்று நினைத்ததும் என் விரல் மடங்கிக்கொண்டது. அவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், ஒரு சின்னப் போட்டோவைக் கொடுக்க மனசு வரவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன். நாற்பத்தைந்து வயதில் உன் அம்மா இப்படித்தான் இருக்கிறாள்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். லைசென்ஸுக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்றால், யாரோ எப்போதோ ஒரு பஸ்ஸில் எதுவும் தெரியாமல் நின்றிருக்கிறான் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி. விருதுநகரில் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கிறதாம், விசாரித்துவிட்டேன். போ. பொம்மை இருக்கிறதா என்று முதலிலேயே கேள். என் காலத்துக் கணக்கை நம்பாதே. இப்போது எத்தனை அமுக்கு, எத்தனை ஊது என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள். உனக்கு முன்னால் எத்தனை பேர் ஊதியிருந்தாலும் நீயும் ஊது. மூன்று வருஷம் முடிந்ததும் நீயே போய்ப் புதுப்பி. எந்த வீட்டில் பிறந்தோம் என்பதையெல்லாம் அந்த அறைக்கு வெளியே செருப்போடு விட்டுவிட்டுப் போ. நான் காலில் போட்டுக்கொண்டே போனேன்.

போட்டோ ஒன்றை வகுப்பு விண்ணப்பத்தில் ஒட்டிவிட்டேன். இன்னொன்று குடத்துக்குள் இருக்கிறது. குடத்தைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறேன். சான்றிதழ் உன் கைக்கு வந்ததும், குடத்தை எடுத்துக்கொண்டு எம்.ரெட்டியபட்டிக்குப் போ. வேப்பமரத்தடியில் நைலான் கட்டில். அத்தை என்று கூப்பிடு. நான் உன்னைக் கூப்பிடவிடாமல் செய்த சொல் அது. இளைப்புக்குப் பெரியாஸ்பத்திரியில் காட்ட அவளைக் கூட்டிக்கொண்டு வா. அவள் வர மாட்டேன் என்பாள், விடாதே.

என்னைக் கூட வரச் சொல்லாதே. உன்னைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் அளவுக்கு நான் இன்னும் தேறவில்லை. இரண்டு மணி பஸ்ஸில் நீ வரவில்லை என்றால், அங்கேயே சாப்பிட்டுவிட்டாய், தயிர்ச்சோறாகத்தான் இருக்கும் என்று நினைத்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பேன். நடக்கட்டும். அவள் உன் முகத்தைப் பிடித்துக் கொஞ்சாமல் விடமாட்டாள். நீ திரும்பி வரும்போது உன் கன்னத்தில் வெற்றிலைச் சிவப்பு ஒட்டியிருந்தால், இந்தத் தடவை நான் அதைத் துடைக்க மாட்டேன்.

உன்னைப் பெற்றவள்